ஆளரவமற்ற மலைச்சாலைகளில் சைக்கிள் பயணம்: ஏற்றக் கணக்கிலிருந்து இறக்க பிரேக் வரை

மேட்டு நிலத்தில் ஒரு சாலை ஆளரவம் இல்லாமல் கிடக்கிறதென்றால் அதற்குக் காரணம் இருக்கும். செங்குத்தாக ஏறும், அல்லது தார் கிடையாது, அல்லது அது போய்ச் சேரும் இடத்தில் யாருக்கும் ஜோலி இல்லை. மோட்டார் வண்டிக்காரர்கள் ஒதுக்கிய சாலையைத்தான் சைக்கிள் பயணி தேடிப் போகிறார். அவர்கள் எதற்காக ஒதுக்கினார்களோ அத்தனையும் அவர் தலையில் வந்து விழும். கியர், டயர், பிரேக், தண்ணீர் என எதைத் தீர்மானித்தாலும் இதை மனதில் வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

சாலையைக் கண்டுபிடிப்பது

பள்ளத்தாக்கின் பிரதான சாலையில்தான் லாரியும் பேருந்தும் ஓடும். அதே ஆற்றின் எதிர்க்கரையைப் பாருங்கள். பல இடங்களில் அங்கே ஒரு குறுகிய சாலை ஒளிந்திருக்கும். கணவாய்க்கு அடியில் சுரங்கப்பாதை வெட்டியிருந்தால், மேலே போகும் பழைய சாலை பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும். அதைவிட நல்ல வாய்ப்பு அமைவது அரிது. முட்டுச்சந்தாக முடியும் இரண்டு பள்ளத்தாக்குகளை ஒரு மண் தடம் இணைக்கிறதா என்றும் தேடுங்கள். கார்கள் திரும்பிவிடும் இடத்தில் சைக்கிள் தொடர்ந்து போகலாம். கால்வாய்ப் பராமரிப்புப் பாதைகள், வனப்பாதைகள், தண்டவாளம் அகற்றிய பழைய ரயில் பாதைகள் ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும். ரயில் பாதையின் சரிவு 2-3 சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம் என்பதால் சுமையோடு ஏற அதைவிடச் சுகமான வழி கிடையாது.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் மண் தடங்களுக்கு 1 முதல் 5 வரை தரம் குறித்திருப்பார்கள். 1 என்றால் தார் அல்லது நன்றாக இறுகிய தளம், 5 என்றால் வெறும் மண்ணும் புல்லும். சுமை ஏற்றிய சைக்கிளுக்கு 3 வரை தாங்கும். 4, 5 தரப் பாதைகளில் மழைக்குப் பிறகு தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் இரண்டு சக்கரத் தடங்களும் நடுவில் புல்லும் தெரிந்தால் வண்டிகள் குறைவு என்று பொருள். ஆற்றைக் கடக்கும் ஒவ்வொரு இடத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். பாலம் இருக்கிறதா, தண்ணீரில் இறங்கிக் கடக்க வேண்டுமா என்பதைப் புறப்படும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

வழி காட்டும் செயலிகள் சொல்லும் ஏற்றக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். அவை நிலத்தின் உயர மாதிரியிலிருந்து கணக்கிடுகின்றன. அதனால் சுரங்கப்பாதை வழியாகப் போனாலும் மலையையே ஏறி இறங்கியதாகக் காட்டும். செங்குத்துப் பாறையை ஒட்டிய சமதளச் சாலையை ரம்பப் பல் போல ஏற்றி இறக்கிக் காட்டும். சந்தேகம் வந்தால் சமவுயரக் கோடுகளை நீங்களே எண்ணுங்கள். கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் உயர வித்தியாசம் என்றால், ஒரு கிலோமீட்டர் சாலை 5 கோடுகளை வெட்டும் இடத்தில் சராசரிச் சரிவு 10 சதவீதம்.

பூட்டிய வாயில், பனியால் மூடப்படும் பருவம், வேட்டைக்காலத் தடை, தனியார் நிலம் இவற்றை அந்தந்த வட்டார நிர்வாகத்திடம் விசாரித்துக்கொள்ளுங்கள். வழியில் வரும் வாயில் திறந்திருந்தால் திறந்தபடியும், மூடியிருந்தால் மூடியும் விட்டுப் போக வேண்டும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

மலையில் கிலோமீட்டரை மட்டும் வைத்துத் திட்டம் போட்டால் இருட்டில் மாட்டிக்கொள்வீர்கள். நடைமுறைக்கு ஒத்துவரும் கணக்கு இது: தார்ச்சாலையில் மணிக்கு 15 கி.மீ., சரளைச் சாலையில் 12 கி.மீ. என்று வைத்து முதலில் நேரத்தைக் கணக்கிடுங்கள். பிறகு ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம் கூட்டுங்கள். 60 கி.மீ. தூரமும் 1,200 மீட்டர் ஏற்றமும் உள்ள சரளைப் பாதைக்கு 5 மணி நேரமும் 2 மணி நேரமும் சேர்ந்து 7 மணி நேரம் ஆகும். இது சக்கரம் சுற்றும் நேரம் மட்டுமே. சாப்பாடு, தண்ணீர் பிடிப்பது, சட்டை மாற்றுவது, வழி பார்ப்பது என்று மேலும் 2 மணி நேரம் போகும். இறக்கத்தில் நேரத்தை மீட்டுவிடலாம் என்ற நினைப்பு சரளையில் பலிக்காது.

கியர்

மலைப் பயணத்தில் அதிகம் பேர் தவறுவது இங்கேதான். சைக்கிள், சுமை, ஆள் எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்று கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 400 மீட்டர் ஏற, புவியீர்ப்புக்கு எதிராக மட்டும் சுமார் 110 வாட் வேண்டும். தரை உராய்வு தனி. பழக்கமுள்ள சாதாரண ஆள் மணிக்கணக்கில் கொடுக்கக்கூடிய திறன் கிட்டத்தட்ட இந்த அளவுதான்.

இப்போது ஒரு ரோடு சைக்கிளை எடுங்கள். முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரியதில் 28 பல். சக்கரச் சுற்றளவு 2.2 மீட்டர் என்றால் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் 2.67 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்றில் வேகம் மணிக்கு 9.6 கி.மீ. 10 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்தைத் தக்கவைக்க 260 வாட் வேண்டும். அது முடியாது. ஆகவே சுற்று 30, 40 என்று குறையும், ஒவ்வொரு மிதிக்கும் முழு உடலும் தொங்கும், மூன்றாம் நாள் முழங்கால் பேச ஆரம்பிக்கும்.

அதே சைக்கிளில் முன்னால் 26, பின்னால் 40 பல் இருந்தால் ஒரு சுற்றுக்கு 1.43 மீட்டர். 60 சுற்றில் மணிக்கு 5 கி.மீ.; அதே ஏற்றத்துக்கு 140 வாட் போதும். கடினம்தான், ஆனால் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். முன் பல்லைப் பின் பல்லால் வகுத்தால் 0.65 அல்லது அதற்கும் கீழே வர வேண்டும் என்பதை இலக்காக வையுங்கள். 0.55-க்குக் கீழே போவதில் பெரிய லாபம் இல்லை. வேகம் 4 கி.மீ.-க்குக் குறைந்தால் முன்சக்கரம் அலையத் தொடங்கும், இறங்கித் தள்ளினாலும் ஏறக்குறைய அதே வேகம்தான். தள்ளுவதில் அவமானம் எதுவும் இல்லை. அதற்காகவே நடக்க வசதியான ஷூவும் தட்டையான பெடலும் நல்லது.

கியரைத் தாழ்த்த மலிவான வழி முன் பல்சக்கரத்தைச் சிறியதாக மாற்றுவது. பின்னால் பெரிய கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) போடுவதானால், உங்கள் பின் டிரெய்லியர் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி) அதிகபட்சம் எத்தனை பல் தாங்கும், மொத்தப் பல் வித்தியாசம் எவ்வளவு தாங்கும் என்ற இரண்டு எண்களையும் தயாரிப்பாளர் குறிப்பில் பாருங்கள். கேசட் மாற்றியதும் செயின் நீளத்தைச் சோதிப்பது கட்டாயம். சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, முன்னால் பெரியது, பின்னால் பெரியது என்ற சேர்க்கைக்குக் கையால் மெதுவாகச் சுற்றி மாற்றுங்கள். டிரெய்லியர் முழுவதும் இழுபட்டு விறைத்து நின்றால் செயின் குட்டை. சாலையில் தெரியாமல் அந்தச் சேர்க்கைக்கு மாற்றினால் டிரெய்லியரையே பிய்த்துவிடும்.

டயர், சுமை, திருகு

டயர் அகலம் 45 முதல் 50 மி.மீ. தாராளமாகப் போதும். மொத்த எடை 100 கிலோ என்றால் காற்றழுத்தம் பின் டயரில் 35-40 பி.எஸ்.ஐ., முன் டயரில் அதைவிட 5 குறைவு என்று தொடங்கி, சாலைக்கேற்பக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். டியூபில் அக்கம்பக்கமாக இரண்டு கீறல் விழுந்திருந்தால் அது முள் வேலை அல்ல. காற்று குறைவாக இருந்து, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கியிருக்கிறது.

டியூப் இல்லாத டயர் என்றால், உள்ளே ஊற்றும் அடைப்புத் திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும். இந்த அகலத்துக்குச் சக்கரத்துக்கு 60-90 மி.லி. புதிதாக ஊற்றிவிட்டுக் கிளம்புங்கள். எப்படியும் ஒரு டியூப் கையில் இருக்க வேண்டும். பெரிய கிழிசலில் அதைப் போடும்போது டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்ப்பது முக்கியம். அதுவரை திரவம் அடைத்து வைத்திருந்த முட்கள் அப்படியே குத்திக்கொண்டிருக்கும். பார்க்காமல் போட்டால் புது டியூப் அடுத்த நிமிடமே போய்விடும்.

சுமை, தண்ணீரும் உணவும் நீங்கலாக 12-15 கிலோவுக்குள் நிற்கட்டும். கனமானவை தாழ்வாகவும் சட்டத்தின் நடுவை ஒட்டியும் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் பின் கேரியரில் உயரமாகக் கட்டினால் இறக்கத்தில் வேகம் கூடும்போது ஹேண்டில்பார் நடுங்கத் தொடங்கும். நடுங்கினால் பதறி இறுக்கிப் பிடிக்காதீர்கள். இரண்டு முழங்கால்களாலும் மேல் குழாயைக் கவ்வி, பின் பிரேக்கால் மெதுவாக வேகத்தைக் குறையுங்கள். பிறகு நிறுத்திச் சுமையை மாற்றிக் கட்டுங்கள்.

கேரியர் திருகுகள் பெரும்பாலும் எம்5 அளவு. சரளை அதிர்வில் அவை கழன்று விழுவதுதான் பயணங்களில் மிகச் சாதாரணமாக நடக்கும் கோளாறு. மரைப்பசை தடவி இறுக்குங்கள், தினமும் காலையில் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், நாலைந்து உபரித் திருகு வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தைக் குறைப்பது, கொடுப்பது

அமைதியைத் தேடிப் போய்விட்டு நாள் முழுக்கக் கடகட சத்தத்தைக் கேட்பது கொடுமை. கிளம்பும் முன் சுமை ஏற்றிய சைக்கிளைத் தரையிலிருந்து 10 செ.மீ. தூக்கி இரண்டு சக்கரமும் ஒன்றாக விழும்படி விடுங்கள். எது ஆடுகிறதோ அது குரல் கொடுக்கும். பெரும்பாலும் பாட்டில் கூடு, பையின் கொக்கி, பைக்குள் உரசும் பாத்திரம், சட்டத்துக்குள் தட்டும் கேபிள் இவற்றில் ஒன்றுதான். பழைய டியூபில் வெட்டிய ரப்பர் துண்டு முக்கால்வாசிக்கு மருந்து.

மிதிக்காமல் உருளும்போது பின்சக்கரம் டிக்டிக்கென்று சத்தமிடுவது அதன் மையத்தில் உள்ள ஃப்ரீஹப்பின் பற்களால். தயாரிப்பாளர் சொல்லும் மெல்லிய கிரீஸைக் கொஞ்சம் தடவினால் அடங்கும். கெட்டியான கிரீஸைத் திணித்துவிட்டால் குளிர்ந்த காலையில் பற்கள் ஒட்டிக்கொண்டு பிடிக்காது. பெடல் வெறுமனே சுற்றும். பிரேக் டிஸ்க் கிறீச்சிட்டால் பெரும்பாலும் செயின் எண்ணெய் பட்டிருக்கும். டிஸ்க்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். எண்ணெய் குடித்த பிரேக் பேடை மாற்றுவதுதான் நல்லது.

சத்தமே இல்லாத சைக்கிளுக்கு ஒரு ஆபத்தும் உண்டு. வளைவில் திரும்பியதும் மாட்டு மந்தைக்கோ குதிரைக்கோ நடுவில் போய் நிற்பீர்கள். பின்னாலிருந்து ஓசையின்றி வரும் எதையும் குதிரை சகிக்காது. 30-40 மீட்டர் தூரத்திலேயே சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே நெருங்குங்கள். மணியைவிட மனிதக் குரல் நல்லது. மந்தை காக்கும் நாய் குரைத்துக்கொண்டு ஓடி வந்தால் வேகமெடுத்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். ஏற்றத்தில் அது எப்படியும் நடக்காது. இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் சைக்கிள் இருக்கும்படி வைத்து, மந்தையை விலக்கிச் சுற்றி நடங்கள். அதன் அக்கறை ஆட்டின் மேல்தான். மந்தையிலிருந்து தள்ளிப் போனதும் பெரும்பாலும் நின்றுவிடும்.

தண்ணீர், அடுப்பு

மிதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அரை லிட்டர், வெயிலில் ஒரு லிட்டர். வரைபடத்தில் நீலக் கோடு இருந்தால் தண்ணீர் இருக்கும் என்று அர்த்தமல்ல. வறண்ட பருவத்தில் முகட்டுச் சாலைகளில் நாள் முழுக்க ஒரு சொட்டும் கிடைக்காமல் போகலாம். மேய்ச்சல் நிலத்துக்குக் கீழே ஓடும் ஓடை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வடிகட்ட வேண்டும். நுண்குழாய் வடிகட்டி ஒருமுறை உறைந்துவிட்டால் உள்ளே குழாய்கள் விரிசல் விடும். அது வெளியே தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல வரும். அதனால் உறைபனி இரவுகளில் அதைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்க வைப்பதானால் தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம். உயரம் கூடக்கூடக் கொதிநிலை இறங்கும். 3,000 மீட்டரில் சுமார் 90 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும் என்பதால் நெடுநேரம் வேக வேண்டிய தானியத்தை எடுத்துப் போகாதீர்கள், எரிபொருள்தான் வீணாகும்.

கேஸ் உருளை வாங்கும்போது உள்ளே என்ன கலவை என்று பாருங்கள். சாதாரண பியூட்டேன் 0 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே ஆவியாவதை நிறுத்திவிடும். ஐசோபியூட்டேன் -12 வரை தாங்கும், புரொப்பேன் -42 வரை. ஆகவே குளிர் காலையில் அடுப்பு எரிய வேண்டுமானால் ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்ததுதான் சரி.

உணவு அடுத்த கடை வரைக்கும், அதற்கு மேல் ஒரு நாளைக்கும். அந்தக் கடை திறந்திருக்கும் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள்.

வானிலையும் உயரமும்

1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும், புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். வெயில் நாளில் காற்று பிற்பகலில் பள்ளத்தாக்கின் கீழிருந்து மேலே வீசும், இரவில் திரும்பும். இடியும் பிற்பகலில்தான் அதிகம். விடிந்ததும் கிளம்பி, கணவாயை நண்பகலுக்கு முன் தாண்டிவிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் முகட்டை விட்டு இறங்கி ஒதுங்க வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள்.

2,500 மீட்டருக்கு மேல் உயர நோய் வரலாம். 3,000-க்கு மேல் தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது; மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் தங்குங்கள். தலைவலியும் குமட்டலும் இருந்தால் மேலே போகாதீர்கள். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குதிகாலும் விரலும் தொட நேர்க்கோட்டில் நடக்க முடியாவிட்டாலோ இரவானாலும் உடனே கீழே இறங்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருப்பது உயிருக்கு ஆபத்து.

கூடாரம் போடுவது பள்ளத்தாக்கின் அடித்தளத்தில் வேண்டாம், குளிர்காற்று இரவில் அங்கேதான் வந்து தேங்கும். சில பத்து மீட்டர் மேலே சரிவில் ஒரு மேடை கிடைத்தால் கணிசமாகக் கதகதப்பு. காய்ந்த ஓடைப் படுகை எவ்வளவு சமமாக இருந்தாலும் வேண்டாம்.

இறக்கம்

100 கிலோ எடை 1,000 மீட்டர் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் சுமார் 980 கிலோஜூல். அறை வெப்பத்தில் உள்ள கிட்டத்தட்ட 3 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். வேகமாக இறங்கினால் பெரும்பகுதியைக் காற்று எடுத்துக்கொள்ளும். செங்குத்தில் மெதுவாக இறங்கினால் அவ்வளவும் பிரேக்கில்தான் சேரும். அதனால் பயந்து பயந்து பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே இறங்குவதுதான் மிக மோசம். சூடு ஆற நேரமே கிடைக்காது. பார்வை எட்டும் நேர்ச்சாலையில் நிமிர்ந்து உட்கார்ந்து உருள விடுங்கள். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் கொன்று, பிறகு முழுவதும் விடுங்கள்.

ரிம் பிரேக்கில் ரிம் சூடேறி டியூபின் அழுத்தம் கூடி டயர் வெடிக்கலாம். நீண்ட இறக்கத்தில் இடையிடையே நிறுத்தி, ரிம் அருகே கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். டிஸ்க்கைத் தொடவே தொடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிவிடும். தீய்ந்த வாடை வந்தாலோ லீவர் வழக்கத்தைவிட ஹேண்டில்பாரை நெருங்கினாலோ பத்து நிமிடம் ஓரங்கட்டுங்கள். ரெசின் பேட் சூட்டில் வழுவழுப்பாகி பிடிப்பை இழக்கும், ஈரச் சேற்றில் சீக்கிரம் தேயும். உலோகப் பேட் இரண்டையும் தாங்கும், சத்தம் கொஞ்சம் கூடுதல். ஆனால் சில மலிவான டிஸ்க்குகளில் ரெசின் பேட் மட்டும் பயன்படுத்தவும் என்று பொறித்திருக்கும். அதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சரளைக் கொண்டை ஊசி வளைவில் பிரேக் வேலை வளைவுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். வெளிப்பக்கப் பெடல் கீழே, எடை அதன் மேல், கண் வளைவு முடியும் இடத்தில். சாலையின் குறுக்கே கால்நடைத் தடுப்புக் கம்பிகள் பதித்திருந்தால் செங்கோணத்தில் நேராகக் கடக்கவும். ஈரக் கம்பி மேல் பிரேக்கும் கூடாது, திருப்பமும் கூடாது.

5 டிகிரிக் குளிரில் 40 கி.மீ. வேகத்தில் இறங்கினால் உடம்புக்கு -1 டிகிரி போலிருக்கும், அதுவும் காய்ந்த சட்டையில். உச்சியில் நின்றதும், உடம்பு ஆறுவதற்கு முன்பே வியர்த்த உள்சட்டையைக் கழற்றிக் காய்ந்ததைப் போட்டு, காற்றுத் தடுப்பு மேலாடையும் முழுக் கையுறையும் அணியுங்கள். விறைத்த விரல் பிரேக் பிடிக்காது.

பழுதும் உதவியும்

வழியில் கிடைக்கவே கிடைக்காத பாகம் டிரெய்லியர் ஹேங்கர், அதாவது டிரெய்லியரைச் சட்டத்தோடு இணைக்கும் சிறு உலோகத் துண்டு. ஒவ்வொரு சட்டத்துக்கும் அது வேறு. உங்கள் சைக்கிளுக்குரியதை ஒன்று வாங்கிச் சட்டத்தோடு ஒட்டி வைத்துவிடுங்கள். சைக்கிளைப் படுக்க வைக்கும்போது எப்போதும் இடப்பக்கமாக. வலப்பக்கம் விழுந்து ஹேங்கர் வளைந்திருந்தால், மிகத் தாழ்ந்த கியருக்கு மாற்றும்போது டிரெய்லியர் ஸ்போக்குகளுக்குள் போய்விடும். விழுந்தெழுந்தால் பின்னாலிருந்து பாருங்கள்: டிரெய்லியரின் கூண்டு பல்சக்கரத்தோடு ஒரே கோட்டில் தெரிய வேண்டும்.

செயின் அறுந்தால் சேதமான கண்ணியைச் செயின் கருவியால் அகற்றி, உங்கள் செயினின் வேக எண்ணுக்கு (பின்னால் உள்ள பல்சக்கரங்களின் எண்ணிக்கை) பொருந்தும் இணைப்புக் கண்ணியைப் போடுங்கள். 11 வேகச் செயினுக்கு 9 வேகக் கண்ணி சேராது. இணைப்பை மேல்பக்கம் கொண்டுவந்து, பின் பிரேக்கைப் பிடித்தபடி பெடலை ஒருமுறை அழுத்தினால் டக்கென்று பூட்டும். செயின் குட்டையாகிவிட்டதால் பெரிய-பெரிய சேர்க்கையைத் தவிருங்கள்.

இவற்றோடு ஒரு ஜோடி பேட், ஒரு கியர் கேபிள், பின்சக்கர வலப்பக்க அளவில் இரண்டு ஸ்போக், பேட்ச், டயர் கிழிசலுக்கு உள்ளே வைக்கத் தடித்த துண்டு, பிளாஸ்டிக் கட்டு நாடா, பம்ப். சக்கரம் சுற்றும்போது மின்சாரம் தரும் டைனமோ ஹப்பை நம்பிச் செல்பவர்கள், ஏற்றத்து வேகத்தில் அது போனுக்கு எதுவும் தராது என்பதை நினைவில் வையுங்கள். வரைபடத்தை முன்பே இறக்கிவைத்து, போனை விமானப் பயன்முறையில் (ஃப்ளைட் மோட்) போட்டு, குளிரில் உடம்போடு ஒட்டிய பையில் வைத்தால் பேட்டரி நீடிக்கும்.

அலைவரிசை இல்லாத பகுதிக்கு செயற்கைக்கோள் தகவல் கருவி நல்ல செலவு. அது இல்லாவிட்டால் விசில். நிமிடத்துக்கு 6 முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடியும் 6 முறை ஊதுவது மலைப்பகுதிகளில் ஏற்கப்பட்ட ஆபத்துக் குறி. நிமிடத்துக்கு 3 முறை பதில் வந்தால் யாரோ கேட்டுவிட்டார்கள். புறப்படும் முன் ஒருவரிடம் பாதையையும், எந்த நாள் எத்தனை மணி வரை தகவல் இல்லையென்றால் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். கீழே இறங்கியதும் குளிக்கும் முன்பே அவருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். மறந்தால், நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது உங்களைத் தேடி ஒரு குழு மலையேறிக்கொண்டிருக்கும்.